பள்ளி திறக்கும் நாளை யார் குறிப்பது?



மே 20 தாண்டிவிட்டால் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே கேள்விதான். பள்ளிக்கூடம் எப்போது திறக்கிறார்கள்? தேதியை அரசு முன்பே அறிவித்திருக்கும். ஆனாலும் யாரும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2017-இல் ஜூன் 1 என்றார்கள், 7-ஆம் தேதி திறந்தார்கள். 2023-இல் முதலில் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 1, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 5 என்று வந்தது. பிறகு எல்லோருக்கும் 7 என்றானது. கடைசியில் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு 12-ஆம் தேதியும், ஒன்றிலிருந்து ஐந்துக்கு 14-ஆம் தேதியும் திறந்தது. 2024-இல் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. பள்ளி 6-ஆம் தேதி என்று சொல்லி, வெயிலைக் காட்டி 10-க்குத் தள்ளினார்கள். 2025-இல் மட்டும் ஜூன் 2 என்றதும் ஜூன் 2-இலேயே திறந்தது. அந்த ஆண்டும் மே கடைசி வாரம் முழுக்க "தள்ளிப்போகிறதாமே" என்ற பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழகிவிட்டது நமக்கு.

இப்படித் தள்ளுவதை நான் கிண்டல் செய்ய வரவில்லை. வெயில் உண்மை. அதிலும் இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வெயில் சென்னைக் கடற்கரை வெயில் மாதிரி இல்லை. மெரினாவில் பதினொரு மணிக்குத் தொடங்கும் கடற்காற்று, நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நம்மூருக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்; சில நாள் வரவே வராது. ஏரிக்கரைப் புளியமரங்கள் போய், நான்கு வழிச் சாலையும் கான்கிரீட் தளமும் தகர ஷெட்டும் வந்த பிறகு ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது.

ஆனால் ஒரு வாரம் தள்ளிவைத்தால் வெயில் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். கத்திரி என்று நாம் சொல்லும் அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி. எந்த நாளில் தெரியுமா? 2003 மே 31. கத்திரி முடிந்த பிறகு! மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் தாமதமாகும் கடற்காற்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. பஞ்சாங்கம் பார்த்து நிற்காது. ஜூன் 12-இலும் அடிக்கும், ஜூன் 20-இலும் அடிக்கும். ஒரு வாரம் கழித்துத் திறந்த வகுப்பறையின் கூரை அதே கூரைதான். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிக்கும் பள்ளியை ஜூன் மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், "எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நேரம்தானே" என்கிறார்கள். இந்த "எல்லா மாவட்டத்துக்கும்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான்.

ஜூனில் விட்டுக்கொடுக்கும் நாளுக்கு விலை எங்கே கொடுக்கிறோம்? நவம்பரில். நம் பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையைச் சொல்லத் தேவையில்லை. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. அதற்கு முன் நவம்பர் முழுக்கவே சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பள்ளிகள் திறந்த நாளைவிட மூடிய நாள்தான் அதிகம். அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. பொங்கலுக்கு முன்னும் பின்னுமாகப் பிள்ளைகள் அரையாண்டு எழுதினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஒரு வாரம் மூடல், மறுபடி அரையாண்டு தள்ளிவைப்பு. இவை பெரிய ஆண்டுகள். சாதாரண ஆண்டிலேயே நவம்பரில் நான்கைந்து நாள் மழை விடுமுறை வராமல் போவதில்லை.

அந்த விடுமுறையை யார் விடுகிறார்? மாவட்ட ஆட்சியர். காலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரியில் "காஞ்சிபுரம்" என்ற சொல்லைத் தேடிப் பிள்ளைகள் கண்ணை வைத்துக்கொண்டிருப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் அவரே. 2019-இல் அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்தது. கூட்டம் தாங்காமல் கடைசி நாட்களில் பள்ளிகளுக்கு விட்டதும் உள்ளூர் விடுமுறைதான். ஆக, மூடுகிற அதிகாரம் மாவட்டத்திடம் இருக்கிறது. திறக்கிற தேதியும், இழந்த நாளை ஈடுகட்டும் முறையும் மட்டும் சென்னையிலிருந்து வருகின்றன. கன்னியாகுமரியில் ஜூன் மழையில் குடை பிடித்துப் போகும் பிள்ளைக்கும், வேலூரில் வெயிலில் வாடும் பிள்ளைக்கும், செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே நவம்பரில் கணுக்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளைக்கும் ஒரே தாள்.

இனி எத்தனை நாள் என்ற கணக்குக்கு வருகிறேன். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒன்று முதல் ஐந்து வரை 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி. அதற்கு வெகு முன்பே, 1964-66 கோத்தாரிக் குழு பள்ளிகளுக்கு ஆண்டில் 39 வாரம் பாடம் நடக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 210 நாள் என்பது பழகிய எண். 2024-25 நாட்காட்டியில் சனிக்கிழமைகளைச் சேர்த்து 220 என்று போட்டார்கள். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. மறுபடி 210 ஆனது.

இந்த எண்ணை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் வகுத்துப் பார்ப்பதில்லை. 1000 மணியை 220 நாளால் வகுத்தால் நாளுக்கு நாலரை மணி சொச்சம். நம் பள்ளிகள் சாப்பாட்டு நேரம் போக ஐந்தரை மணி பாடம் நடத்தினால் 182 நாளில் 1000 மணி தீர்ந்துவிடும். சட்டம் நாளையும் கேட்கிறது, மணியையும் கேட்கிறது. நாளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வரவில்லை. மழைக்குப் போன நாளைச் சனிக்கிழமை பிடித்து அடைக்கிறோமே, அந்தச் சனிக்கிழமை உண்மையில் என்ன நடக்கிறது? பாதி வகுப்பு வராது. மதியத்துக்கு மேல் வந்த பாதியும் இருக்காது. ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு வேலைநாள் ஏறிவிடும். ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம், நீங்கள்தான் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

கேரளத்தில் இதே பிரச்சினை வேறு விதமாகப் போனது. 2024-25-க்கு அங்கே 25 சனிக்கிழமைகளைச் சேர்த்து 220 நாள் ஆக்கினார்கள். உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு உயர்நிலை வகுப்புகளுக்கு நாள்தோறும் அரை மணி கூட்டினார்கள். உடனே, காலையில் மதரஸா வகுப்புக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது இடிக்கிறது என்று சமஸ்தா என்ற இஸ்லாமிய அறிஞர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. பள்ளி மணியில் பதினைந்து நிமிடம் நகர்த்தினாலும் அது யாரோ ஒருவர் வீட்டுப் பொழுதை நகர்த்துகிறது. 2025 ஜூலை கடைசியில் கேரளக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி இன்னொரு கேள்வியைப் பொதுவில் வைத்தார். ஏப்ரல், மே விடுமுறையை மழை கொட்டும் ஜூன், ஜூலைக்கு மாற்றினால் என்ன? முடிவைச் சொல்லாமல் கருத்துக் கேட்டார். நம் பக்கத்தில் இப்படி ஒருமுறைகூட யாரும் நம்மைக் கேட்டதில்லை.

நாள்களின் எண்ணிக்கை ஒருபுறம் இருக்க, ஆண்டை உள்ளிருந்து அரிக்கும் வேறு சமாசாரங்கள் இருக்கின்றன. மார்ச் முதல் வாரம் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குகிறது. மேல்நிலைப் பள்ளி தேர்வு மையமாகிறது. ஆசிரியர்கள் கண்காணிப்புக்கும் பிறகு விடைத்தாள் திருத்தவும் போகிறார்கள். 2025-இல் மார்ச் 3-இல் தொடங்கிய பொதுத்தேர்வுகள் பத்தாம் வகுப்போடு ஏப்ரல் 15-இல் முடிந்தன. அந்த ஆறு வாரமும் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பாடம் எந்த வேகத்தில் நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, சின்ன வகுப்புகளின் உண்மையான ஆண்டு பிப்ரவரியிலேயே முடிந்துவிடுகிறது. 2011 இன்னொரு பாடம். புது அரசு வந்தது, சமச்சீர்க் கல்வியை நிறுத்தப் பார்த்தது, பள்ளி திறப்பை ஜூன் 15-க்குத் தள்ளியது. ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் சமச்சீரைத்தான் நடத்த வேண்டும் என்று தீர்ப்பு சொல்லும் வரை புத்தகம் கிடங்கில், பிள்ளை வகுப்பில். வருகைப் பதிவேட்டில் அவையும் வேலைநாட்களே.

ஏப்ரலில் தொடங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. சில பள்ளிகள் மார்ச்சிலேயே அடுத்த வகுப்பை ஆரம்பித்துவிட, 2023-இல் வாரியமே "ஏப்ரல் 1-க்கு முன் தொடங்காதீர்கள்" என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. சேர்க்கையில் முந்திக்கொள்ளும் போட்டிதான் காரணம். தனியார் பள்ளிகள் பொங்கல் முடிந்ததுமே விண்ணப்பம் கொடுப்பதைப் பார்த்து, அரசுப் பள்ளிகளும் 2024-லும் 2025-லும் மார்ச் 1-இலேயே சேர்க்கையைத் தொடங்கின. சேர்க்கையைத் தொடங்கியது சரி. வகுப்பையும் இழுத்துக்கொண்டு ஏப்ரலுக்குப் போவது வீண். மூன்று வாரம் நடத்திவிட்டு ஒன்றரை மாதம் மூடினால், அந்த மூன்று வாரத்தை ஜூனில் மறுபடி நடத்த வேண்டியிருக்கும்.

தொடக்க மாதத்தையே மாற்றிப் பார்த்தவர்களின் அனுபவம் நம் உறவுக்காரர்களிடமே இருக்கிறது. இலங்கையில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். சித்திரைப் புத்தாண்டோடு முதல் தவணை முடியும். கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் வந்து அதைக் குலைத்தன. 2023-இல் ஆண்டு தொடங்கியது மார்ச் கடைசியில். 2024-இல் பிப்ரவரி மூன்றாம் வாரம். 2025-இல் ஜனவரி கடைசி. ஆண்டுக்கு ஒரு மாதமாகப் பின்னுக்கு இழுத்துத்தான் பழைய இடத்துக்கு வர முடிந்தது. அந்த ஒவ்வொரு மாதமும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் படித்த பிள்ளைகளின் பாடத்திலிருந்து வெட்டப்பட்ட மாதம். மலேசியாவிலும் அதே கதை. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளும் 2022-இல் ஜனவரியை விட்டு மார்ச்சுக்குப் போயின. 2025-இல் பிப்ரவரி, 2026-இல் மறுபடி ஜனவரி. தேதி சறுக்குவதற்கு ஒரு நெருக்கடி போதும். திரும்பி ஏற மூன்று நான்கு ஆண்டு ஆகிறது. நாமே 2022-இல் கொஞ்சம் ருசி பார்த்தோம். பொதுத்தேர்வு மே மாதத்துக்குப் போனதால் பள்ளி ஜூன் 13-இல் திறந்தது. ப்ளஸ் டூவுக்கு 20, ப்ளஸ் ஒன்னுக்கு 27. ஆகவே மாநிலத்துக்கு ஜூன் தொடக்கம் இருக்கட்டும் என்பதே என் கட்சி. ஜூன் முதல் வாரம் திறந்தால் திறந்ததுதான், தள்ளாததால் மிஞ்சும் நாட்களை நவம்பர் மழைக்குச் சேமிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். ஜூன் தொடக்கம் நம்மூரில் எல்லாப் பிள்ளைக்கும் தொடக்கமா?

ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து 1998-இல் முதல் காரை வெளியே விட்ட நாளிலிருந்து கணக்கு வையுங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் ஒன்றன் பின் ஒன்றாக விரிந்தன. மாத்தூர், பண்ருட்டி (கடலூர்ப் பலாப்பழப் பண்ருட்டி இல்லை, நம் ஒரகடத்துக்குப் பக்கத்துப் பண்ருட்டி), வல்லக்கோட்டை, சுங்குவார்சத்திரம் எல்லாம் வாடகை வீட்டு லைன்களாக மாறின. திருவண்ணாமலை, விழுப்புரத்திலிருந்து வந்தவர்கள் முதல் தலைமுறை. பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். ஆலைக்கு ஆளெடுப்பு ஜூனைப் பார்ப்பதில்லை. ஆலை மூடுவதும் பார்ப்பதில்லை. நோக்கியா மூடியது 2014 நவம்பர் 1-இல், கல்வியாண்டின் நடுமத்தியில். ஆர்டர் வந்தால் ஆள் வருகிறார். காண்ட்ராக்ட் முடிந்தால் குடும்பத்தோடு கிளம்புகிறார். வல்லம் வடகாலில் 2024-இல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். நல்ல காரியம். திருமணமானவருக்கும் அவர் பிள்ளைக்கும் அப்படி ஒரு கட்டடம் இல்லை. அவர்கள் லைன் வீட்டில் இருக்கிறார்கள், லைன் வீட்டுக்குத் தை மாதமும் ஒன்றுதான், ஆனி மாதமும் ஒன்றுதான்.

இன்னும் கூர்மையான உதாரணம் செங்கல் சூளை. இந்தக் கம்பெனிச் சுவர்களுக்கெல்லாம் கல் அறுத்தவர்களில் பெரும் பகுதி மேற்கு ஒடிசாவின் பொலாங்கிர், நுவாபாடா பக்கத்துக் குடும்பங்கள். மழை ஓய்ந்து டிசம்பர், ஜனவரியில் வருகிறார்கள். கோடை முழுக்கக் கல் அறுக்கிறார்கள். ஜூனில் முதல் மழைக்கு முன் ஊர் திரும்புகிறார்கள். அதாவது நாம் மாலை கட்டி, சாக்லேட் கொடுத்து, பள்ளி திறக்கும் அதே வாரத்தில் அந்தப் பிள்ளை ஊர் திரும்பும் ரயிலின் பொதுப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. ஒடிசாவில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அப்போது பிள்ளை இங்கே சூளையில். இங்கே தொடங்கும்போது பிள்ளை அங்கே. இரண்டு மாநிலத்தின் முதல் நாளும் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியாப் பாடநூல் வைத்து ஒடியா தெரிந்த ஆசிரியரைக் கொண்டு பணியிடப் பள்ளிகள் நடத்திப் பார்த்தார்கள். நல்ல முயற்சி. அது யாருடைய மாநில நாட்காட்டிக்கும் கட்டுப்படாமல் சூளையின் பருவத்துக்கு ஏற்ப நடந்ததால்தான் பிள்ளை வந்தது.

சட்டம் இதைத் தடுக்கவில்லை என்பதை ஆசிரியர்களுக்கு நினைவூட்டுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஆண்டின் எந்த நாளில் வந்து கேட்டாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. 5-ஆம் பிரிவு, டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டக் கூடாது என்கிறது. 4-ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்துச் சிறப்புப் பயிற்சி கொடு என்கிறது. ஆனால் ஜனவரியில் ஒரு பீகார்ப் பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் என்ன நடக்கிறது? "எமிஸ் நம்பர் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) இருக்கா? ஜூன்ல வாம்மா." சொல்கிறவர் கெட்டவர் இல்லை. மார்ச் தேர்வு அவர் கழுத்தில். சீருடை, புத்தகம், பை எல்லாம் ஜூன் கணக்குப்படி வந்து தீர்ந்துவிட்டன. கதவு சட்டத்தில் திறந்திருக்கிறது, நாட்காட்டியில் மூடியிருக்கிறது.

ஆகவே இரண்டாவது தொடக்கம் ஒன்று வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து திறக்கும் நாளை, இந்தத் தொழில் வட்டாரப் பள்ளிகளில் இன்னொரு சேர்க்கை நாளாக முறையாக அறிவிக்கலாம். 2012-13-இல் ஒன்று முதல் எட்டு வரை முப்பருவ முறை வந்ததே, நினைவிருக்கிறதா? ஆண்டை மூன்றாக வெட்டி, பருவத்துக்கு ஒரு புத்தகம். சுமை குறைந்தது என்று மட்டும் அதைப் பாராட்டுகிறோம். உண்மையில் அது மூன்று வாசல் கொண்ட வீடு. மூன்றாம் பருவம் ஜனவரியில்தான் தொடங்குகிறது. தொடக்க வகுப்புகளில் பருவப் புத்தகம் இன்றும் இருக்கிறது. அந்த மூன்றாம் வாசலில் நின்று யாரும் பிள்ளையை அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

நடுவே ஒரு சின்ன விஷயம். எத்தனை ஆண்டு படிப்பு என்பதும் எப்போது தொடங்குகிறோம் என்பதோடு கட்டியதுதான். நம் மாநிலத்தில் ஜூலை 31-இல் ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. 2007 ஜூனில் பிறந்த பெண் 2012-இல் சேர்ந்து, 2024 மார்ச்சில் ப்ளஸ் டூ எழுதும்போது அவளுக்குப் பதினாறே முக்கால் வயது. சுங்குவார்சத்திரத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வாசலில் பதினெட்டு கேட்கிறார்கள், கேட்பது சரிதான். நடுவில் ஓர் ஆண்டுக்கு மேல் அவள் என்ன செய்கிறாள்? கல்லூரிக்குப் போனால் நல்லது. போகாதவள் வீட்டில் இருக்கிறாள், மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஆறு வயதில் சேர்க்கச் சொல்லும் மத்திய அரசின் கொள்கைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். ஐந்து வயதில் அங்கன்வாடியை விட்டுப் பள்ளிக்கு வருவது நம் பிள்ளைகளுக்கு லாபம். அந்தக் கடைசி ஆண்டைப் பற்றி யாராவது யோசிக்க வேண்டும் என்கிறேன்.

கோடை விடுமுறைக்கு வருகிறேன். ஏப்ரல் பாதியிலிருந்தோ கடைசியிலிருந்தோ ஜூன் வரை. வயல் இருந்த காலத்தில் பாட்டி வீடும் கிணறும் மாந்தோப்பும் இருந்தன. இன்று ஒரகடத்து லைன் வீட்டில் அப்பா ஏ ஷிப்டு, அம்மா பி ஷிப்டு. விழுப்புரத்தில் பாட்டி இருப்பவர்கள் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். பாட்டி நுவாபாடாவில் இருந்தால்? ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், வெளியே தாழ் போட்ட அறையில், எட்டு வயது அக்கா நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். வெயிலுக்காக விட்ட விடுமுறை, பள்ளியைவிடச் சூடான அறைக்குள் பிள்ளையை வைத்துவிடுகிறது. கூடவே இன்னொன்றும் நின்றுபோகிறது. 1982 ஜூலையிலிருந்து சத்துணவாக வரும் மதியச் சோறு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவு. இரண்டும் வேலைநாள் கணக்கில்தான். பள்ளி மூடினால் அடுப்பும் மூடும். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அடுப்பை விடுமுறையிலும் எரியவிடலாம் என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. மே மாதம் பாடம் நடத்தச் சொல்லவில்லை. ஆசிரியருக்கு விடுமுறை வேண்டும். சமையலறை, மரத்தடி, நூலக அலமாரி, குடிநீர், பார்த்துக்கொள்ள ஊதியம் பெறும் இரண்டு பேர், போதும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் நம் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வருகிறது, சுவரில் கார்ட்டூன் வருகிறது, வாசலில் கம்பெனி பெயர் போட்ட வளைவு வருகிறது. வளைவு ஒன்றின் செலவில் ஒரு மே மாதத்தை நடத்திவிடலாம். எந்தப் பெற்றோரின் ஷிப்டுக்காகப் பிள்ளை தனியாக இருக்கிறதோ, அந்த ஷிப்டை நடத்துகிறவரிடம் இதைக் கேட்பதில் தப்பே இல்லை.

கடைசியாக, யார் முடிவு செய்வது? கல்வி உரிமைச் சட்டத்தில் மாநில அரசின் கடமைகளைச் சொல்வது 8-ஆம் பிரிவு. உள்ளாட்சி அமைப்பின் கடமைகளைச் சொல்வது 9-ஆம் பிரிவு. கல்வி நாட்காட்டியைத் தீர்மானிப்பது எதில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? 9-இல். அதற்கு இரண்டு வரி முன்னால் இருப்பது, புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பதை உறுதி செய்வது. இரண்டு கடமையையும் ஒரே கையில் கொடுத்திருக்கிறார்கள். வருகிற பிள்ளை யார், எந்த மாதம் வருகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்த அமைப்புதானே நாட்காட்டியைப் போட முடியும்? பள்ளியை நிர்வகிக்கும் வேறு அதிகாரியையும் உள்ளாட்சி அமைப்பாகக் கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் விளக்கம் இடம் கொடுக்கிறது. அந்தச் சந்து வழியாக எல்லாம் சென்னைக்குப் போய்விட்டது. பெயர்ப்பலகையில் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி" என்று இருக்கிறது. நாட்காட்டியில் ஒன்றியத்தின் கைரேகை ஒன்றும் இல்லை.

பொதுத்தேர்வு மாநிலம் முழுக்க ஒன்று, ஆகவே தேதியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். பத்து, பன்னிரண்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பொதுத்தேர்வு ஏது? ஆசிரியர் இடமாறுதல் குழம்பும் என்பார்கள். நான் கேட்பது ஆண்டின் உள்ளே ஒரு பதினைந்து இருபது நாளுக்கான உரிமை. ஜூனில் காலைப் பள்ளியா, நவம்பரில் எத்தனை நாள் மழைக்கு ஒதுக்குவது, அதை எந்த நாளில் ஈடுகட்டுவது, தை சேர்க்கை எப்போது, மே மாதம் எந்தப் பள்ளியின் அடுப்பு எரிய வேண்டும். இவ்வளவே. மாநிலத்தின் 210 நாளில் ஒரு நாளும் குறையாது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மே 1. மற்ற ஊர்களில் மே தினம் ஒரு விடுமுறை; நம்மூரில் அது கம்பெனிகள் மூடியிருக்கும் நாள், ஏ ஷிப்டும் பி ஷிப்டும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் நாள். பழைய கல்வியாண்டு முடிந்து புதியது தொடங்காத இடைவெளியும் அதுதான். வல்லம், மாத்தூர், பண்ருட்டி, ஒரகடம் ஊராட்சிகளின் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அன்றைக்குத் தங்கள் பள்ளியின் நாட்காட்டியைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். 9-ஆம் பிரிவைத் தீர்மானத்தின் முதல் வரியில் எழுதுங்கள். சென்ற ஆண்டு மழைக்கு எத்தனை நாள் போனது, ஜனவரிக்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்ற மூன்று எண்ணையும் பள்ளியிலிருந்து கேட்டு வாங்கி இரண்டாம் வரியில் எழுதுங்கள். மூன்றாவது எண்ணைக் கொடுக்க மாட்டார்கள். அதனால் அதை நீங்களே லைன் வீடுகளில் போய் எண்ண வேண்டியிருக்கும். இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று கூட்டத் தலைவர் சொல்கிறார். நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேளுங்கள்.